வீட்டுக்காரர் யாருங்க?

கம்ப்யூட்டருக்கு என்ன வியாதி வந்தாலும் நம் ஊர் சர்வீஸ் பையன்கள் சொல்லும் வைத்தியம் ஒன்றுதான். ‘ஃபார்மட் பண்ணி ஓ.எஸ். போட்டுடலாம் சார்!’ வைரஸா, ஆமை வேகமா, பாதியில் உறைந்து நிற்கிறதா... எல்லாவற்றுக்கும் ஒரே கஷாயம். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்கிற கஷாயம்தான். டிஸ்க்கை மொத்தமாகத் துடைத்துவிட்டு ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் புதுசாகப் போட்டால், கிழட்டு மெஷின்கூட கொஞ்ச நாளைக்கு வாலிபம் திரும்பி ஓடும். ‘க்ளீன் இன்ஸ்டால்’ என்பார்கள்.

2025 அக்டோபர் 14-ம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தரும் வழக்கமான ஆதரவு முடிந்தது. ‘இனி 11-தான்’ என்று ஊரெல்லாம் துடைத்துப் போடும் வேலை நடக்கிறது. இந்த நேரத்தில் ஒரு சின்ன சந்தேகம் கேட்டுவைக்கலாம். ‘க்ளீன்’ என்கிறார்களே, அது யாருடைய கணக்கில்?

பழசைக் கொஞ்சம் ஞாபகப்படுத்திக்கொள்வோம். 2001-ல் வந்த எக்ஸ்பி. நீலத் திரை, வெள்ளை எழுத்து. எஃப் 8 பட்டனை அமுக்கி ஒப்பந்தத்துக்குத் தலையாட்ட வேண்டும். சி டிரைவைக் காட்டி, ‘இதை அழி’ என்று சொல்ல வேண்டும். 25 எழுத்து கீயைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அடிக்க வேண்டும். (அந்தக் கீ எங்கிருந்து வந்தது என்று பல வீடுகளில் கேட்கக் கூடாது!) இடையே, ‘இன்னும் 39 நிமிஷம்’ என்று ஒரு அறிவிப்பு வரும். அது நம் கடிகாரத்து நிமிஷம் இல்லை. டீ குடித்துவிட்டு வந்தாலும் ஐந்து குறைந்திருந்தால் அதிர்ஷ்டம். கடைசியில், ‘மைக்ரோசாஃப்டில் பதிவு செய்துகொள்கிறீர்களா?’ என்று ஒரு கேள்வி. பக்கத்திலேயே, ‘இப்போது வேண்டாம்’ என்கிற பதிலும் இருக்கும். வேண்டாம் என்றால் நிஜமாகவே விட்டுவிடும்.

அது ஒன்றும் ராமராஜ்யம் இல்லை. 2003-ல் பிளாஸ்டர் என்கிற புழு கிளம்பியபோது, புதுசாகப் போட்ட எக்ஸ்பியை நெட்டில் இணைத்த சில நிமிஷத்துக்குள்ளேயே பூச்சி அரித்துவிடும். சவுண்டுக்கு ஒரு டிரைவர் சி.டி., டிஸ்ப்ளேவுக்கு ஒன்று என்று தனியாகத் தேடவும் வேண்டும். இன்றைய விண்டோஸ் 11 அந்த விஷயத்தில் ரொம்பச் சமர்த்து. ஒரு 8 ஜி.பி. பென் டிரைவ் போதும். எஸ்.எஸ்.டி. இருந்தால் இட்லி வேகிற நேரத்தைவிடக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். டிரைவர்களையும் பெரும்பாலும் தானே தேடிப் போட்டுக்கொள்கிறது.

வம்பு, காப்பி எடுத்து முடித்த பிறகு ஆரம்பிக்கிறது. முதலில் நெட் கேட்கும். ஹோம் பதிப்பில் நெட் இல்லாமல் அடுத்த திரைக்கே வழி கிடையாது. சில லேப்டாப்களில் வைஃபை டிரைவர் அந்தப் பென் டிரைவில் இருக்காது. டிரைவர் வேண்டுமானால் நெட் வேண்டும், நெட் வேண்டுமானால் டிரைவர் வேண்டும். கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் கதை. (ஆண்ட்ராய்டு போனை கேபிளில் மாட்டி யு.எஸ்.பி. டெதரிங் போட்டால் பெரும்பாலும் வழி பிறக்கும். குறித்துக்கொள்ளுங்கள்.)

நெட் வந்ததும், ‘மைக்ரோசாஃப்ட் கணக்கைக் கொடு’ என்று நிற்கிறது. எக்ஸ்பியில் இருந்த அந்த ‘வேண்டாம்’ இங்கே இல்லை. ஷிஃப்டும் எஃப் 10-ம் சேர்த்து அமுக்கினால் வரும் கறுப்பு ஜன்னலில் ஒரு மந்திரச் சொல்லை அடித்துத் தப்பிக்கிற வழி ஒன்று இருந்தது. 2025 மார்ச்சில், சோதனைப் பதிப்பிலிருந்து அதை எடுப்பதாக அறிவித்தார்கள். பாதுகாப்புக்காகவாம்! அதே வருஷம் அக்டோபரில் மிச்சமிருந்த சந்துகளையும் அடைக்கத் தொடங்கினார்கள். காசு கொடுத்து வாங்கிய மெஷினில் மெயில் ஐ.டி. கொடுக்காமல் நுழையப் பார்க்கிறவன், சுவர் ஏறிக் குதிக்கிறவன் மாதிரி ஆகிவிட்டான்.

கணக்கைக் கொடுத்தால் என்ன பெயர் வைக்கிறது தெரியுமா? உங்கள் ஃபைல்கள் இருக்கும் ஃபோல்டருக்கு, மெயில் முகவரியின் முதல் ஐந்து எழுத்துதான் பெயர். மீனாட்சி ‘மீனா’ ஆவது பரவாயில்லை. வெங்கடேசன் ‘வெங்க’ என்று பாதியில் நிற்கிறார். பிறகு மாற்றுவதும் லேசில்லை. உங்கள் டாகுமென்ட்ஸையும் போட்டோக்களையும் ஒன்டிரைவ் என்கிற ஆகாயப் பரணில் ஏற்றிவைக்கிறது. இலவசம் 5 ஜி.பி. மட்டும். நிரம்பினால் சந்தா. பால் காய்ச்ச வந்த இடத்தில், பில்டர் ஹாலில் உட்கார்ந்துகொண்டு சீட்டுக் கம்பெனிக்கு ஆள் பிடிக்கிற மாதிரி இருக்கிறது.

இதெல்லாம் எரிச்சல் ரகம். சிரித்துவிட்டுப் போகலாம். சிரிக்க முடியாத விஷயம் வேறே. 2024-ல் வந்த 24எச்2 பதிப்பிலிருந்து, புதுசாகப் போடும்போது மைக்ரோசாஃப்ட் கணக்கோடு உள்ளே நுழைந்தால், பெரும்பாலான மெஷின்களில் டிஸ்க் முழுக்கத் தானாகவே என்க்ரிப்ட் ஆகிவிடுகிறது. அதாவது, பூட்டு போட்டுவிடுகிறது. சாவி, 48 இலக்க எண். அது அந்தக் கணக்கில் போய்ப் பத்திரமாக உட்கார்ந்துகொள்கிறது.

நல்ல காரியம்தான். லேப்டாப்பைத் திருடியவன் டிஸ்க்கைக் கழற்றிப் படிக்க முடியாது. ஆனால், நம் ஊரில் ஓ.எஸ். போடுவது யார்? ரிச்சி தெருவிலோ தெருமுனைக் கடையிலோ நடக்கிற உரையாடலை யோசித்துப் பாருங்கள்.

‘‘சார், மெயில் ஐ.டி. சொல்லுங்க.’’

‘‘அதெல்லாம் ஞாபகம் இல்லையே தம்பி. என் பொண்ணுதான் போட்டுக் கொடுத்தா.’’

‘‘பரவால்ல சார், நானே ஒண்ணு கிரியேட் பண்ணிடறேன்.’’

தம்பி நல்ல தம்பிதான். அவருக்கு அடுத்த மெஷின் காத்திருக்கிறது. ஒரு மெயில் ஐ.டி. உருவாக்கி, ஒரு பாஸ்வேர்டு போட்டு, நான்கு இலக்க பின் நம்பர் மட்டும் சாரிடம் சொல்லி அனுப்பிவிடுவார். ஒரு வருஷம் ஒரு தொல்லையும் இருக்காது. என்றைக்காவது மதர்போர்டு மாற்றினாலோ, பயாஸில் எதையாவது தொட்டாலோ, திடீரென்று நீலத் திரையில் ‘48 இலக்கம் ப்ளீஸ்’ என்று வந்து நிற்கும். சாவி இருக்கும் கணக்கு யாருடையது? தம்பி வேறே கடைக்குப் போயிருப்பார். ஐ.டி. அவருக்கே மறந்திருக்கும். பேத்தியின் ஆயுஷ்ஹோம போட்டோ, வீட்டுப் பத்திரத்தின் ஸ்கேன், பத்து வருஷத்து வரி கணக்கு எல்லாம் உள்ளேயேதான் இருக்கும். திறக்க முடியாது. மைக்ரோசாஃப்ட் சப்போர்ட்டைக் கேட்டாலும் சாவி கிடைக்காது. இந்தப் பூட்டைப் பற்றி இன்ஸ்டால் ஆகும்போது ஒரு திரை, ஒரே ஒரு திரை, கொட்டை எழுத்தில் சொன்னால் என்ன? லொகேஷனுக்கும் விளம்பர அடையாளத்துக்கும் திரை ஒதுக்கத் தெரிகிறதே!

சொன்னாலும் தமிழில் சொல்லாது என்பது தனிக்கதை. மைக்ரோசாஃப்ட் தரும் இன்ஸ்டால் ஃபைல் பட்டியலில் தமிழ் கிடையாது. ஆங்கிலத்தில் போட்டுவிட்டுப் பிறகு தமிழைச் சேர்த்துக்கொள்ளலாம். ஒப்பந்தத்துக்குத் தலையாட்டி முடித்த பிறகு!

எதிர் உதாரணமும் இருக்கிறது. இலவச டெபியன் லினக்ஸின் இன்ஸ்டாலர் தமிழிலேயே கேள்வி கேட்கும். லினக்ஸ் மின்ட் உங்கள் பெயரும் ஒரு பாஸ்வேர்டும் கேட்கும், மெயில் கேட்காது. டிஸ்க்கைப் பூட்டணுமா என்று கேட்டுவிட்டுத்தான் பூட்டும். பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்த்து, பிடித்திருந்தால் போட்டுக்கொள்ளலாம். அப்படியானால் எல்லோரும் அதற்கே மாறிவிடலாமா? பி.காம். படித்தவன் என்கிற முறையில் சொல்கிறேன்... டாலி விண்டோஸுக்காகத்தான் வருகிறது. டாலி ஓடாத மெஷினை எந்த ஆடிட்டர் ஆபீஸிலும் திண்ணையில்கூட வைக்க மாட்டார்கள். மைக்ரோசாஃப்டுக்கும் இது தெரியும். அதனால்தான் அந்த ‘வேண்டாம்’ பட்டனைத் தைரியமாகக் கழற்றியிருக்கிறது.

அதுவரை, கடைக்காரத் தம்பி மெஷினைத் திருப்பித் தரும்போது செட்டிங்ஸுக்குள் போய் ‘அக்கவுன்ட்ஸ்’ பக்கத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். அதில் உங்களுக்குத் தெரியாத ஒரு மெயில் ஐ.டி. இருந்தால், அங்கேயே உட்கார்ந்து மாற்றச் சொல்லுங்கள். ‘டிவைஸ் என்க்ரிப்ஷன்’ ஆனில் இருந்தால் அந்த 48 இலக்கத்தை எடுத்துத் தரச் சொல்லி, பேப்பரில் எழுதி, ஈ.பி. கார்டு வைக்கிற இடத்தில் வையுங்கள். காசை அப்புறம் கொடுக்கலாம்.