சொல்லெண்ணிக்கையால் மனம் அறிதல்: தமிழில் எழும் சிக்கல்கள்

ஒருவரின் சொற்களை வகைவாரியாக எண்ணி அவருடைய உணர்வையும் ஊக்கத்தையும் அறிய முயலும் மென்பொருள்களில் பெயர்பெற்றது எல்.ஐ.டபிள்யூ.சி. அமெரிக்க உளவியலாளர் ஜேம்சு பென்னிபேக்கர் குழுவினர் 1990களில் உருவாக்கியது. மனச்சோர்வு உள்ளோர் 'நான்' என்பதை மிகுதியாகச் சொல்வர் என்பது இவ்வகை ஆய்வுகளில் அடிக்கடி சுட்டப்படும் முடிவு.

தமிழில் இக்கணக்கு தடுமாறும். பெரம்பலூரில் சின்ன வெங்காயம் பயிரிட்டவர், விலை சரிந்த நாளில் "வயிறு எரியுது, இனிமே போடமாட்டேன்" என்கிறார் என்று கொள்வோம். 'நான்' தனிச்சொல்லாக இல்லை. '-ஏன்' விகுதியில் இருக்கிறது. மறுப்பும் அதே சொல்லுக்குள்தான். 'வயிறு' உடலுறுப்புப் பட்டியலில் சேரும்; ஆற்றாமை எந்தப் பட்டியலிலும் ஏறாது. அரியலூரில் சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்கு நிலம் விற்றவர் ஆலை அலுவலரிடம் 'நாங்க' என்றால் அலுவலர் அதில் இல்லை. 'நாம' என்றால் உண்டு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்.

விகுதிகளைப் பிரிக்கும் உருபனியல் பகுப்பியை முதலில் ஓட்டினால் பாதி சரியாகும். மரபுத்தொடர்களை ஊர்ப்பேச்சிலிருந்துதான் திரட்ட வேண்டும். திங்கட்கிழமைக் குறைதீர் கூட்ட மனுக்களை இம்முறையில் தரம்பிரிக்க நினைப்பது இன்னும் ஆபத்து. பல மனுக்கள் பிறர் எழுதித் தருபவை. 'தாழ்மையுடன்' என்பது எழுதியவரின் வழக்கம், வயிறெரிந்து வந்தவருடையது அன்று.