நூறு ரூபாய்க் கருணை

திருகோணமலைத் துறைமுகத்தருகே, பிரட்றிக் கோட்டையினுள் புள்ளிமான்கள் அச்சமின்றி மேய்கின்றன. அக்காட்சியில் மகிழும் நாம் சட்ட ஏட்டையும் புரட்டிப் பார்த்தல் வேண்டும்.

பிரித்தானியர் தம் நாட்டில் 1876இலேயே விலங்குப் பரிசோதனைக்கு அனுமதிப்பத்திரம் வேண்டுமெனச் சட்டம் இயற்றினர். இலங்கைக்கு 1907இல் அவர்கள் தந்த மிருகவதைத் தடைச்சட்டமோ, வளர்ப்பு விலங்கையும் பிடிபட்ட விலங்கையும் மட்டுமே விலங்கெனக் கொண்டது. கொடுமைக்கு விதித்த தண்டம் 100 ரூபா, அல்லது மூன்று மாதச் சிறை. வண்டிமாட்டை அடித்த ஏழைக்கு அது பெருந்தொகை. பெருவணிகனுக்கு அது காசன்று.

2023இல் இத்தீவுக்கே உரிய குரங்கினத்தில் ஒரு இலட்சத்தைச் சீனாவுக்கு அனுப்பும் யோசனை எழுந்தது. மிருகக்காட்சிச்சாலைகளுக்கு என்றனர், ஆய்வுகூடங்களுக்கோ எனப் பலர் ஐயுற்றனர். எதிர்ப்பின்பின் அது கைவிடப்பட்டது. காரணமாகக் காட்டப்பட்ட பயிரழிவு பொய்யன்று. ஆயினும் உழவனின் இழப்புக்கு ஈடு தருவதை விடுத்து, அதனை ஏற்றுமதிக்குச் சாக்காக்குவது நீதியாகாது.

இந்தியாவின் 1960ஆம் ஆண்டுச் சட்டம், கைப்பழக்கத்துக்காக மட்டும் உயிரை அறுத்தலைத் தடுக்க வழி வகுத்தது; 1998இன் விதிகள் ஆய்வுக்கென விலங்கு வளர்ப்போரையும் பதிவுக்கு உட்படுத்தின. குறைகள் இருப்பினும், அங்கு கணக்குக் கேட்க ஓர் ஏடு உண்டு.

நாம் விஞ்ஞானத்தின் பகைவரல்லோம். நோய்க்கு மருந்து வேண்டும். எந்த உயிர், எதற்காக, எவர் அனுமதியால் வதைபடுகின்றது என்பதை மக்கள் அறியும் உரிமை சட்டத்தில் இடம்பெறல் வேண்டும். அதனைக் கேட்பது நம் கடமை.