நிற்கத் தெரிந்த ஊஃபர்

மிருதங்கத்தின் தொப்பியில் கும்கி எழும்போது அந்த நாதம் அடியிலிருந்து வளைந்து மேலேறுவது காதுக்குத் தெரிய வேண்டும். 'தும்' என்று மொத்தையாக ஓர் அதிர்வு கிளம்பி, அடுத்த அடி விழும்வரை அறைக்குள் உருண்டுகொண்டிருந்தால் அதை பாஸ் என்று நான் சொல்ல மாட்டேன். வீட்டில் சொந்தமாக ஸ்பீக்கர் பெட்டி செய்ய நினைப்பவர்கள் கடையில் முதலில் கேட்பது எத்தனை வாட், எத்தனை இஞ்ச் என்பதைத்தான். இவை எவ்வளவு சத்தம் வரும் என்பதற்கான கேள்விகள். நல்ல ஊஃபருக்கு வேறொரு குணம் வேண்டும். அடி முடிந்த கணத்தில் அதற்கு நிற்கத் தெரிய வேண்டும்.

இந்தக் குணத்தைக் கடையிலேயே தொட்டுப் பார்க்கலாம். ஊஃபரைக் கையில் எடுத்து கோனை விரல் நுனியால் மெல்லத் தட்டுங்கள். 'தும்ம்' என்று சற்றே நீண்டு ஒலிக்கும். இப்போது அதன் இரண்டு முனைகளையும் ஒரு சிறு கம்பித் துண்டால் இணைத்துவிட்டு மறுபடி தட்டுங்கள். 'டப்' என்று அறுந்து நிற்கும். காந்தத்துக்குள் அசையும் காயில் தானே மின்சாரத்தை உண்டாக்குகிறது. சுற்று மூடியிருந்தால் அந்த மின்சாரமே கோனுக்குப் பிரேக் போடுகிறது. ஆம்ப்ளிஃபயருடன் இணைந்திருக்கும்போதும் நடப்பது இதுதான். தட்டும்போது எழும் இரண்டு ஒலிகளுக்கும் வித்தியாசம் எவ்வளவு அதிகமோ, அந்த ஊஃபரின் காந்தப் பிடி அவ்வளவு வலுவானது.

சுருள் காயிலும் கோனும் சேர்ந்த இந்த அமைப்பை செஸ்டர் ரைஸும் எட்வர்ட் கெல்லாக்கும் உலகுக்குக் காட்டியது 1925-இல். நூறு ஆண்டுகளாக அடிப்படை மாறவில்லை. 1954-இல் எட்கர் வில்ச்சர் தன் ஏஆர்-1 ஸ்பீக்கரில், காற்றுப்புகாத பெட்டிக்குள் அடைபட்ட காற்றையே ஸ்பிரிங்காக வைத்து, சிறிய பெட்டியில் ஆழமான பாஸைக் கொண்டுவந்தார். ஆனாலும் எந்த ஊஃபருக்கு எவ்வளவு பெரிய பெட்டி என்பது பெரும்பாலும் அனுபவமும் ஊகமுமாகவே இருந்தது. அதைக் கணக்காக்கியவர்கள் ஆஸ்திரேலியாவில் இருந்தார்கள். 1961-இல் நெவில் தீலும், 1970-களின் தொடக்கத்தில் சிட்னி பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த ரிச்சர்ட் ஸ்மாலும் எழுதிய கட்டுரைகள், ஊஃபரின் குணத்தைச் சில எண்களில் அடக்கிவிட்டன. தீல்-ஸ்மால் அளவைகள் என்று அவர்கள் பெயரிலேயே அவை இன்றும் வழங்குகின்றன.

அவற்றில் மூன்று தெரிந்தால் பெட்டி வேலையைத் தொடங்கிவிடலாம். எஃப்எஸ் என்பது பெட்டியில்லாமல் வெறும் காற்றில் கோன் தன்னியல்பாக ஆடும் அதிர்வெண். க்யூடிஎஸ், அந்த ஆட்டம் எவ்வளவு சீக்கிரம் அடங்கும் என்பதைச் சொல்லும். எண் குறையக் குறையப் பிடி இறுகும். விஏஎஸ், கோனைத் தாங்கும் ரப்பர் விளிம்புக்கும், காயிலை நடுவில் பிடித்து நிறுத்தும் ஸ்பைடருக்கும் எவ்வளவு நெகிழ்வு உண்டோ, அதே நெகிழ்வுள்ள காற்றின் கொள்ளளவு.

ஓர் எட்டு இஞ்ச் ஊஃபரை எடுத்துக்கொள்வோம். எஃப்எஸ் 30 ஹெர்ட்ஸ், க்யூடிஎஸ் 0.38, விஏஎஸ் 65 லிட்டர். இதை மூடிய பெட்டியில் வைத்து, பெட்டியோடு சேர்ந்த மொத்த க்யூ 0.707 வரவேண்டுமென்றால் கணக்கு 26 லிட்டர் என்கிறது. அதில் ஒத்ததிர்வு 56 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும். அதற்குக் கீழே ஒலி ஆக்டேவுக்கு 12 டெசிபல் வீதம் இறங்கும். அதே ஊஃபரை 46 லிட்டர் பெட்டியில் வைத்து, குழாய் போர்ட் ஒன்றை 30 ஹெர்ட்ஸுக்கு ட்யூன் செய்தால் ஏட்டுக் கணக்குப்படி பாஸ் 30 வரை இறங்கும். கசிவையும் பிற இழப்புகளையும் சேர்த்தால் பெட்டி இன்னும் பெரிதாக வேண்டும். 30-க்குக் கீழே ஆக்டேவுக்கு 24 டெசிபல் என்று செங்குத்தாக விழும். அங்கே கோனைத் தாங்கிப் பிடிக்க பெட்டிக்குள் காற்று இருந்தும் இல்லாததுபோலத்தான். ஆழம் வேண்டுமா, அடக்கம் வேண்டுமா என்ற தேர்வு இங்கே வருகிறது. என் மனம் மூடிய பெட்டியின் பக்கம்.

இதில் தப்பிக்க முடியாத ஒரு விதி உண்டு. ஆழமான பாஸ், சிறிய பெட்டி, குறைந்த வாட்டில் நிறைய சத்தம் ஆகிய மூன்றில் இரண்டுதான் கிடைக்கும். கேஎல்ஹெச் நிறுவனத்தை உருவாக்கிய மூவரில் ஒருவரான ஹாஃப்மன் பெயரில் இது வழங்குகிறது. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஊஃபர் தேடும்போது இதை மனதில் வைக்க வேண்டும். மேடைக் கச்சேரிக்கான ஊஃபர் சத்தத்துக்காகவே பிறந்தது. துணி மடிப்பு விளிம்பு, விறைப்பான சஸ்பென்ஷன், எஃப்எஸ் 50-க்கு மேல். கல்யாண மண்டபத்தை நிரப்பும் அந்த ஊஃபர் வீட்டுக் கூடத்தில் நெஞ்சை முட்டுமே தவிர, அடி ஸ்வரத்தைத் தொடாது. ஃபோம் விளிம்பு மென்மையானது. ஆனால் கடலோர ஈரப்பதத்தில் சில ஆண்டுகளில் பொடிந்து உதிரும். நம் ஊருக்கு ரப்பர் விளிம்பே நல்லது. கோன் காகிதமா பாலிப்ரொப்பிலினா என்பது அடுத்த கேள்வி. பூச்சு கொடுத்த காகிதக் கோனில் மிருதங்கத் தோலுக்கு ஒரு உயிர் வருவதாக என் காது சொல்கிறது.

அட்டையில் அச்சிட்ட எண்களை அப்படியே நம்பாமல் அளந்து பார்ப்பது இந்தக் கலையின் சுகமான பகுதி. ஆயிரம் ஓம் ரெசிஸ்டர் ஒன்றை ஊஃபருடன் தொடராக இணைத்து, ஃபோனில் உள்ள டோன் ஜெனரேட்டரை ஆம்ப்ளிஃபயர் வழியாகச் செலுத்தி, ஊஃபரின் முனைகளில் மல்டிமீட்டரை வைத்து அதிர்வெண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். வோல்டேஜ் உச்சம் தொடும் இடமே எஃப்எஸ். பிறகு நகைத்தராசில் 15 கிராம் களிமண்ணை நிறுத்து, கோனின் நடுவில் ஒட்டி மறுபடி அளக்க வேண்டும். தொப்பியில் ரவைப் பசையை அப்பினால் சுருதி இறங்குகிறதே, அதேதான் இங்கும் நடக்கிறது. அசையும் எடை 30 கிராமாக இருந்தால் 30 ஹெர்ட்ஸ் 24.5-க்கு இறங்கும். எவ்வளவு இறங்கியது என்பதிலிருந்து எடையையும், எடையிலிருந்து நெகிழ்வையும், கோனின் பரப்பைச் சேர்த்து விஏஎஸ்ஸையும் கண்டுபிடித்துவிடலாம்.

போர்ட் வைப்பவர்களுக்கு இன்னொரு அழகான காட்சி காத்திருக்கிறது. மேலே சொன்ன 46 லிட்டர் பெட்டிக்கு, 7 செ.மீ. உள்விட்டமுள்ள பிவிசி குழாய் சுமார் 23 செ.மீ. நீளம் வேண்டும். முதலில் 27 செ.மீ. விட்டு, பிறகு அறுத்துக்கொண்டே வருவது நல்லது. நீளம் குறைந்தால் ட்யூனிங் ஏறும். டோனை 40 ஹெர்ட்ஸிலிருந்து மெல்ல இறக்கிக்கொண்டே கோனின் விளிம்பைக் கண்ணருகே வைத்துப் பாருங்கள். 40-இல் படபடத்த கோன் 30-ஐ நெருங்க நெருங்க அடங்கி, ஏறக்குறைய அசையாமல் நிற்கும். கையைக் குழாய் வாயில் வைத்தால் காற்று வீசும். ஒலி முழுவதையும் குழாய்க்குள் இருக்கும் காற்றுத்தண்டே தருகிறது. கோன் எங்கே மிகக் குறைவாக ஆடுகிறதோ, அதுவே பெட்டியின் சுருதி.

பெட்டி முடிந்தாலும் ட்யூனிங் முடியாது. அறை என்று ஒன்று இருக்கிறது. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில், எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே சுமார் 47 ஹெர்ட்ஸிலும் 57-ஐ ஒட்டியும் ஒலி நின்று பெருகும். நம் வீட்டுச் செங்கல் சுவரும் கான்கிரீட் கூரையும் அதை உறிஞ்சாமல் திருப்பி எறியும். பாஸ் கிதாரின் ஏ ஸ்வரம் 55 ஹெர்ட்ஸ். அது மட்டும் வீங்கி, அக்கம்பக்கத்து ஸ்வரங்கள் மெலிந்து போகும். தட்டையாக 30 வரை இறங்கும் பெட்டி இத்தகைய அறைக்குப் பாரம். 56-லிருந்து மெதுவாக இறங்கும் மூடிய பெட்டியின் குறையை அறையே ஓரளவு ஈடுகட்டிவிடுகிறது. பெட்டியை மூலையிலிருந்து ஓர் அடி நகர்த்திப் பாருங்கள். புதிய ஊஃபர் வாங்கியதற்குச் சமமான மாற்றம் கேட்கும்.

கடைசி ட்யூனிங் பஞ்சில் நடக்கிறது. தலையணைக்குள் திணிக்கும் பாலியஸ்டர் பஞ்சைக் கைப்பிடி கைப்பிடியாக உள்ளே வைக்க வைக்க, பெட்டி பெரிதானதுபோல நடந்துகொள்ளும். ஒத்ததிர்வு சற்று இறங்கும், உள்ளே முட்டித் திரும்பும் எதிரொலி அடங்கும். அளவு மீறினால் நாதம் செத்துவிடும். இங்கே மீட்டரைவிடக் காது நம்பகமானது. 'மூடுபனி' படத்தின் 'என் இனிய பொன் நிலாவே' பாடலைப் போட்டு, பாஸ் கிதாரை மட்டும் வாயால் முணுமுணுத்துத் தொடர்ந்து பாருங்கள். ஒவ்வொரு ஸ்வரத்தின் தொடக்கமும் முடிவும் தனித்தனியே பிடிபட்டால் பஞ்சு போதும். இரண்டு ஸ்வரங்கள் ஒட்டிக்கொண்டால் இன்னொரு கைப்பிடி.

ஒரு மல்டிமீட்டர், ஒரு ஆசாரி, நல்ல பிளைவுட், பொறுமை. தீலும் ஸ்மாலும் எழுதிவைத்த கணக்கு, பெரிய தொழிற்சாலைகளுக்கு மட்டுமே வாய்த்திருந்த துல்லியத்தை இவ்வளவு சின்னப் பட்டியலுக்குள் கொண்டுவந்துவிட்டது. ஆகவே அடுத்த முறை கடைக்குப் போகும்போது வாட்டைக் கேட்காதீர்கள். எஃப்எஸ், க்யூடிஎஸ், விஏஎஸ் என்ன என்று கேளுங்கள். சொல்லத் தெரியாவிட்டால் கோனைத் தட்டிப் பாருங்கள். கம்பியை இணைத்து மறுபடி தட்டுங்கள். விலையைப் பற்றிப் பேசுவது அதற்குப் பிறகு.