நோட்டீசும் நாடகமும்

நாடகம் பார்த்து மதிப்புரை வரைவோர் கதையை ஆராய்கின்றனர். வசனத்தை எடை போடுகின்றனர். கதாநாயகன் குரல் கடைசி வரிசைக்கு எட்டிற்றா என்றும் தீர்ப்புக் கூறுகின்றனர். அந்நாடகத்திற்கு ஆள் சேர்த்த பாட்டை எவரும் எழுதக் காணோம். அது கலையைச் சேர்ந்ததன்று என்பது அவர்கள் எண்ணம் போலும். நாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம். சென்ற ஆண்டு நமது தோட்டத்து வாலிபர்கள், குடியின் கேட்டை விளக்கும் சிறு நாடகம் ஒன்றைப் பட்டணத்து மண்டபத்தில் நடத்த முனைந்து, கடிதமும் கணக்கும் அறிந்தவர் கிராணியார்தாமே என்று விளம்பர வேலையை நம் தலையில் ஏற்றிய பின்னரே அவ்வெண்ணம் மாறிற்று.

மண்டபத்தில் இருக்கைகள் 300. மாலையில் ஆபீசைப் பூட்டியதும் மோட்டார் சைக்கிளில் ஏறி, ஆறு வாரங்களில் ஏழு தோட்டங்களை வலம் வந்தோம். பெரட்டுக் களத்தில் நோட்டீஸ் ஒட்டுவதற்கு ஒவ்வொரு மானேஜருக்கும் தனித்தனியே விண்ணப்பம். ஒருவர் அனுமதி தருவதற்குள் நாடகமே முடிந்துவிட்டது! மண்டோரைக் கண்டால் அவர் சம்பள நாளுக்குப் பின் வரச் சொல்லுவார். சம்பள நாளுக்குப் பின் சென்றாலோ கடன்காரர்கள் நமக்கு முன்னரே வந்து போயிருப்பர். “கட்டாயம் வருகிறோம்” என்று சொல்லாத வீடு இல்லை. வருகிறோம் என்பது நம்மவர் மரியாதை. டிக்கெட் வாங்குவது வேறு காரியம். இவ்விரண்டையும் ஒன்றென நம்பியது நமது முதற் பிழை.

லயத்தின் கோடி வீட்டிலே ஒரு மூதாட்டியார் நோட்டீசை வாங்கி, பேத்தியைக் கொண்டு படிக்கச் செய்து முழுதும் கேட்டார். பின், “கிராணி ஐயா, குடிகாரன் கதையைக் காசு கொடுத்து வேறே பார்க்கணுமா? எங்க வீட்டிலே தினமும் நடக்குதே” என்றார். நாம் கண்ட மதிப்புரைகளில் இதற்கு நிகரானதைக் கண்டிலோம். விடை கூறாது திரும்பினோம்.

இத்தகைய அலைச்சல் சிறு குழுக்களுக்கு மட்டும் ஏன் நேர்கின்றது? பழைய நாடகக் கம்பெனிகள் ஓர் ஊரிலே கொட்டகை போட்டு வாரக்கணக்கில் தங்கின. மாட்டு வண்டியில் தட்டி கட்டி, வாத்தியம் முழங்க நோட்டீஸ் வீசியது உண்மையே. ஆயினும் முதல் நாள் பார்த்தவன் வாய்மொழியே மறுநாள் கூட்டத்தைக் கொணர்ந்தது. 1891-ஆம் ஆண்டில் பம்மல் சம்பந்த முதலியார் சென்னையில் தொடங்கிய சுகுண விலாச சபையினர் நம்மைப் போலவே பகலில் வேறு உத்தியோகம் பார்த்தவர்கள். எனினும் சபை என்ற அமைப்பும் அங்கத்தினர் என்ற நிலையான கூட்டமும் அவர்கட்கு இருந்தன. ஓரிரவு மட்டும் ஆடிக் கலையும் குழுவுக்கு இவ்விரண்டும் இல்லை. நாடகம் நன்று என்று ஊரார் பேசத் தொடங்குங்கால், வாடகை வாளும் வேடமும் திருப்பிக் கொடுக்கப்பட்டிருக்கும். ஆகவே நாடகம் செய்யவேண்டிய வேலையை நோட்டீஸ் முன்கூட்டியே செய்ய நேர்கின்றது. தீமை இங்குதான் பிறக்கின்றது.

நோட்டீசின் முதல் அச்சில் நாடகத்தின் பெயரும் பொருளும் மட்டுமே இருந்தன. இரு வாரங்களில் விற்றவை 26 டிக்கெட்டுகள். அஞ்சிப்போய், “வயிறு குலுங்க நகைக்க வாருங்கள்” என்று இரண்டாம் அச்சில் சேர்த்தோம். நாடகத்திலோ நகைப்புக்குரிய காட்சி ஒன்றே. எழுதியதை மெய்யாக்க வேண்டுமே! குடிகாரன் தள்ளாடும் அக்காட்சியை நடிகர்கள் நீட்டினர். மேலும் இரண்டு சேர்த்தனர். மனைவி தாலியை அடகு வைக்கும் காட்சி, நாடகத்தின் உயிரே அதுதான், இருமுறைக்கு மேல் ஒத்திகை காணவில்லை. கதாநாயகனாக நடித்த தம்பி அன்று பிற்பகல் வரை பஸ் நிலையத்தில் கூவி டிக்கெட் விற்றுத் தொண்டை கட்டிப்போய் மேடை ஏறினான். மண்டபம் நிறைந்தது. குடிகாரனைக் கண்டு மக்கள் ஒரு மணி நேரம் கைகொட்டி நகைத்தனர். தாலிக் காட்சி வந்தபோது அவர்கள் அடுத்த தள்ளாட்டத்தை எதிர்நோக்கியிருந்தனர். அவள் அழுதபோதும் சிலர் சிரித்தனர். அவர்கள் மீது குற்றமில்லை. நாம் அழைத்தது அதற்காகவே.

இதனினும் கேவலம் ஒன்றுண்டு, மறைப்பது முறையன்று. அம்மண்டபத்து முதல் இரு வரிசைகளின் 40 டிக்கெட்டுகளையும் வாங்கியவர் பட்டணத்து மதுக்கடை முதலாளி ஒருவர். நோட்டீசில் தம் பெயரை ஆதரவாளர் என்று போடவேண்டுமென்றார், போட்டோம். குடியை ஒழிக்க வந்த நாடகம் குடியின் ஆதரவில் நடந்தது. பணம் எவருடையதாயினும் பிரசாரம் நம்முடையதன்றோ என்று அப்போது வாதித்த வாய் நம்முடையதே. அவ்வாதம் தவறு. அவர் நாடகத்தில் ஒரு வரியையும் மாற்றச் சொல்லவில்லை என்பது மெய். சொல்லத் தேவை என்ன? மாற்றத்தை நோட்டீஸ் முன்பே செய்து முடித்திருந்ததே.

நடிகவேள் எம். ஆர். இராதா 1954-ஆம் ஆண்டளவில் தம் இராமாயண நாடகத்தை நடத்தியபோது, மனம் புண்படுமென எண்ணுவோர் வரவேண்டா என்ற கருத்தை விளம்பரத்திலேயே வெளியிட்டார். சென்னை அரசாங்கம் அவ்வாண்டே நாடகங்களைக் கட்டுப்படுத்தச் சட்டம் இயற்றிற்று. அவர் பெயர் ஒன்றே கொட்டகையை நிரப்பும். நமக்கு அப்பெயர் இல்லை என்று நண்பர்கள் கூறுவர். ஒப்புகிறோம். ஆயினும் அவர் நோட்டீசும் நாடகமும் ஒரே பேச்சைப் பேசின. வசனத்தில் வழுக் காணும் விமர்சகர்கள் நோட்டீசையும் கையில் வைத்துக்கொண்டு நாடகம் பார்க்கட்டும். பாதிக் குற்றம் அங்கே அச்சாகியிருக்கும்.

இந்நாடகம் அடுத்த திங்களில் மற்றொரு தோட்டத்தில் நடைபெற இருக்கின்றது. புதிய நோட்டீசில் நகைப்பைப் பற்றிய சொல் இல்லை. நீட்டிய காட்சிகளும் நீக்கப்பட்டன. தாலிக் காட்சி ஒன்பதாம் ஒத்திகையில் இருக்கின்றது. கோடி வீட்டு மூதாட்டியாருக்கு இலவசச் சீட்டு அனுப்பினோம். “பார்க்கலாம்” என்று சொல்லி அனுப்பினார். 40 டிக்கெட் வேண்டுமென்று மதுக்கடையிலிருந்து ஆள் வந்தான், இல்லை என்றோம். இவ்வரிகளை எழுதும் இரவு வரை விற்றவை 11.