மறுப்பதற்கும் உரிமை வேண்டும்

நோயுற்றோர் எழுதும் குறிப்புகளைத் தனிமனிதத் துயரின் பதிவாக மட்டும் படிப்பது நம்மிடையே நிலவும் பழக்கம். அமெரிக்கக் கறுப்பினக் கவிஞர் ஓட்ரி லோர்ட் 1980ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘புற்றுநோய்க் குறிப்புகள்’ அப்பழக்கத்திற்கு இடங்கொடாத நூல்.

1978ஆம் ஆண்டிலே சத்திரசிகிச்சையால் அவருடைய ஒரு மார்பு அகற்றப்பட்டது. ஆறுதல் கூறவந்த தொண்டர் ஒருவர் அவருக்கு அளித்த பொய்மார்போ வெளிறிய இளஞ்சிவப்பு நிறமுடையது. நோயாளி என்றால் வெள்ளைப் பெண் என்றே அதனைச் செய்தோர் எண்ணியிருந்தனர். பின்னர் அதனை அணியாது வைத்தியரிடம் சென்றபோது, தாதி அவரைக் கண்டித்தாள். மோஷே தயானின் கண்மறைப்பை வீரத்தின் சின்னமாக மதிக்கும் உலகம், பெண்ணின் வடுவை மட்டும் மறைக்கச் சொல்வது ஏன் என்று லோர்ட் வினவுகிறார். நூலின் வலிமை இவ்வினாவிலேயே தங்கியுள்ளது.

மார்பை மீள அமைக்கும் சிகிச்சையையும் லோர்ட் இதே கண்கொண்டுதான் நோக்குகிறார். அதனை நாடும் பெண்களையல்ல, நாடுமாறு நெருக்கும் சமூகத்தையே அவர் சாடுகிறார். எனினும், இங்கு நாம் அவரோடு சற்று வாதிட வேண்டியுள்ளது. கிடைக்கக்கூடிய ஒன்றை வேண்டாம் என்பதே மறுப்பு. கிடைக்கவே வழியில்லாதவள் எதனை மறுப்பாள்?

மார்பகற்றும் சிகிச்சைக்குப் பணம் வழங்கும் காப்புறுதித் திட்டங்கள், மார்பை மீள அமைப்பதற்கும் வழங்கவேண்டும் என அமெரிக்காவில் 1998ஆம் ஆண்டில் சட்டம் வந்தது. அதன் பின்னரும், கறுப்பினப் பெண்கள் வெள்ளையரிலும் குறைவாகவே இச்சிகிச்சையைப் பெற்றனர் என்பதை ஆய்வுகள் பல காட்டின. காப்புறுதியே இல்லாதவளுக்கு அச்சட்டம் எதுவும் செய்யவில்லை. வறியோருக்கான மெடிக்கெயிட் திட்டம் தரும் கட்டணம் குறைவென்று அந்நோயாளரை ஏற்காத வைத்தியர் பலர். ஏற்றாலும், வாரக்கணக்கில் வேலையின்றி ஓய்வெடுக்க நாட்கூலிக்காரியால் இயலுமா?

உயிர் பிழைத்தோருக்கன்றோ இக்கவலையெல்லாம் எனலாம். உண்மையே, அந்நாட்டில் இந்நோய் கறுப்பினப் பெண்களைச் சற்றுக் குறைவாகவே பீடிக்கிறது, ஆயினும் அதனால் இறப்போர் வீதம் வெள்ளையரிலும் ஏறத்தாழ 40 சதவீதம் அதிகம். காலந்தாழ்த்திய பரிசோதனை முதல் இறுதிச் சிகிச்சை வரை தொடரும் ஒரே புறக்கணிப்பின் கடைசிக் கண்ணியே மார்பு மறுக்கப்படுதல்.

லோர்ட் 1992ஆம் ஆண்டில் புற்றுநோயாலேயே மறைந்தார். தன் உடலைப் பற்றிப் பெண்ணே முடிவுசெய்தல் வேண்டும் என்ற அவர் கோரிக்கை நியாயமானது. அது கல்லூரி ஆசிரியைக்கு மட்டுமன்றி, துணி வெளுக்கும் பெண்ணுக்கும் உரியதாகும்போதே நிறைவுபெறும். மாணவர்கள் இந்நூலை அவ்வினாவோடு படிப்பார்களாக.