மத்தீஸின் ஓவியமும் இன்பமும்

ஓர் ஆக்கம் காண்போர்க்கு இன்பம் பயப்பதாயின், அதனை ஆழமற்றதென ஒதுக்கும் வழக்கம் திறனாய்வாளர் சிலரிடம் உண்டு. துன்பத்தைத் தீட்டுபவனே உலகை அறிந்தவன் என்பது அவர்தம் துணிபு. பிரெஞ்சு ஓவியர் ஹென்றி மத்தீஸ் இக்குற்றச்சாட்டுக்குப் பலகாலும் இலக்கானவர். அது எத்துணைப் பொருந்தும் என்பதை அவர்தம் வாழ்வையும் படைப்பையும் ஒருங்குவைத்தே துணிதல் வேண்டும்.

1869 டிசெம்பர் 31 இல் வட பிரான்சின் லெ கத்தோ என்னும் சிற்றூரிற் பிறந்த மத்தீஸ், சட்டம் பயின்று, வழக்கறிஞர் ஒருவரின் அலுவலகத்தில் எழுதுவினைஞராயினார். இருபது வயதளவில் நோயுற்றுப் படுக்கையிற் கிடந்தபோது, பொழுது போக்குதற்கென அன்னையார் அளித்த வர்ணப்பெட்டியே அவரை ஓவியராக்கிற்று. பின்னர்ப் பாரிஸில் குஸ்தாவ் மொரோவிடம் பயின்றார். கைப்பொருள் அருகியிருந்த 1899 இல், செசான் தீட்டிய 'நீராடும் மூன்று மகளிர்' என்னும் சிறு படத்தை வாங்கினார். முப்பத்தேழு ஆண்டுகள் அதனைப் பிரியாதிருந்து, 1936 இல் பாரிஸ் நகருக்கு நன்கொடையாக வழங்கினார். சோதனைக் காலங்களில் உள்ளவுறுதியை அப்படத்திலிருந்தே பெற்றதாக அவர் குறிப்பிட்டுள்ளார்.

1905 இல் இலையுதிர்காலக் கலைக்காட்சியில் வைக்கப்பெற்ற 'தொப்பியணிந்த பெண்' பலரின் நகைப்புக்கு ஆளாயிற்று. மனைவியாரின் முகத்திற் பச்சை நிறத்தைத் துணிந்து தீட்டியிருந்தார் மத்தீஸ். அவரையும் தெரேன் முதலிய தோழரையும் விமரிசகர் லூயி வொக்செல் 'காட்டுவிலங்குகள்' எனக் குறிக்க, அதுவே அவ்வியக்கத்தின் பெயராய் நிலைத்தது. ஆயின் அந்நிறங்கள் கட்டற்றவை அல்ல. பொருளின் இயற்கை நிறத்தைக் கூறாது, நிறத்துக்கு நிறம் உள்ள உறவாலே படத்தை எழுப்புதலே அவர் கருத்து. உருசிய வணிகர் ஷுக்கினுக்காக 1910 இல் நிறைவேற்றிய 'நடனம்' இதற்குச் சான்று. வானுக்கு நீலம், நிலத்துக்குப் பச்சை, ஆடுவோர்க்குச் சிவப்பு என மூன்று நிறங்களே அப்பெரும் படத்தைத் தாங்குகின்றன.

1917 இன் இறுதியிற் தென்கரை நகரான நீஸை அடைந்தபின், அறைகளுள் சாய்ந்திருக்கும் மகளிரை அவர் மிகுதியாகத் தீட்டினார். அக்காலப் படங்கள் சிலவற்றில் அலங்காரமே மேலோங்கி நிற்பது உண்மை. குற்றச்சாட்டு ஓரளவு பொருந்தும் இடம் இதுவே. எனினும் அவர் அங்கு நின்றுவிடவில்லை. அமெரிக்காவிற் பார்ன்ஸ் என்பவரின் கலைக்கூடச் சுவருக்கு வரைந்த பெரும் படம் அளவு பிழைபடவே, மீண்டும் முதலிலிருந்து தொடங்கி 1933 இல் முடித்தார். வர்ணந் தீட்டிய தாளை வெட்டி ஒட்டிப் பார்க்கும் முறையை அப்பணியிலேதான் கையாண்டார். 1935 இல் தீட்டிய சாய்ந்த பெண்ணுருவம் படிப்படியாக மாறிய நிலைகள் ஒளிப்படங்களிற் பதிவாகியுள்ளன. நொடியில் வரைந்தது போலத் தோன்றும் கோடு பல திங்கள் உழைப்பின் முடிவு என்பதை அவை காட்டும்.

1941 இல் லியோன் நகரில் நடைபெற்ற சத்திரசிகிச்சை அவரைப் பெரும்பாலும் படுக்கைக்கும் சக்கர நாற்காலிக்கும் உரியவராக்கிற்று. தூரிகையினும் கத்தரிக்கோலே அவர்க்கு உற்ற கருவியாயிற்று. நாடோ பகைவர் கையில் இருந்தது. 1944 இல் அவரைப் பிரிந்து வாழ்ந்த மனைவியார் அமெலியும், மகள் மார்கரீத்தும் எதிர்ப்பியக்கப் பணிக்காகச் சிறைப்பட்டனர். மகள் சித்திரவதைக்கும் உள்ளானார். அப்போர்க்காலத்திற் கத்தரிக்கப்பெற்று 1947 இல் வெளிவந்த 'ஜாஸ்' என்னும் நூலில், நீலவெளியில் விழும் கரிய உருவொன்று உண்டு. அதன் நெஞ்சில் ஒரு செந்நிறப் புள்ளி மட்டுமே. துன்பம் அறியாதவன் கை அதனை வெட்டியிராது.

வான்ஸ் என்னும் ஊரின் சிற்றாலயம் (1948–1951) இதனை மேலும் தெளிவாக்கும். கண்ணாடிச் சாளரங்களில் மஞ்சளும் பச்சையும் நீலமும் ஒளிர்கின்றன. அதே ஆலயத்தில், கிறிஸ்துவின் சிலுவைப் பாதை வெண்ணோடுகளிற் கரடுமுரடான கருங்கோடுகளாய், நிறமின்றி, அணியின்றி நிற்கிறது. வேதனையைக் காட்டவேண்டிய இடத்தில் அவர் அதனை இனிமையாக்கவில்லை; அதனருகே ஒளியையும் மறுக்கவில்லை.

1954 நவெம்பர் 3 இல் நீஸ் நகரில் மத்தீஸ் காலமானார். இன்பத்தை வேண்டியே வரைந்தவர் அவர். ஆயின் அவ்வின்பம் எளிதிற் கிட்டியதன்று. ஆக்கத்தின் எளிமையை ஆக்கியோனின் எளிய வாழ்வாகக் கொள்ளுதல் தவறு என்பதைக் கலை பயிலும் மாணவர் அவரிடமிருந்து அறிந்துகொள்ளலாம்.