கடல் நீங்கிய கரையில் ஒரு திரைப்படம்

ஓட்டத்தைப் பற்றிய திரைப்படம் ஒன்றை, ஓடிப் பழகும் இளைஞர்களோடு அமர்ந்து பார்க்கும் வாய்ப்பு அண்மையில் எனக்குக் கிட்டியது. பங்கு மன்றத்தின் சுவரில் வெள்ளைத் துணி கட்டி, இளைஞர் இயக்கத்தினர் இருபது பேருக்கு நான் திரையிட்ட படம் 'சாரியட்ஸ் ஆஃப் ஃபயர்'. 1981-ஆம் ஆண்டு ஹியூ ஹட்சன் இயக்கத்தில் வெளிவந்து, சிறந்த படத்திற்கான விருது உட்பட நான்கு ஆஸ்கர் விருதுகளைப் பெற்ற ஆங்கிலப் படம் அது. தலைப்பைத் தமிழில் 'நெருப்புத் தேர்கள்' எனலாம்.

இப்படத்தை நான் தேர்ந்தெடுத்ததில் ஓர் உள்நோக்கம் இருந்தது. எம் பங்கின் இளைஞர்கள் சிலர் ஞாயிறு காலைத் திருப்பலிக்கு வராமல் ஓட்டப் பயிற்சிக்குச் செல்கின்றனர். மறையுரையில் இருமுறை கண்டித்தும் பயனில்லை. ஞாயிறன்று ஓட மறுத்த ஒரு வீரரின் கதையைக் கண்ணால் கண்டால் மனம் மாறுவார்கள் என எண்ணினேன். மனம் மாற வேண்டியவர் யார் என்பது படம் முடிந்த பிறகே விளங்கிற்று.

படத்தின் தொடக்கக் காட்சியை ஒருமுறை பார்த்தவர் மறக்க மாட்டார். வெண்ணிற உடை அணிந்த இளைஞர்கள் வெறுங்காலுடன் கடலோர மணலில் ஓடி வருகின்றனர். அலைநீர் அவர்தம் கால்களில் பட்டுச் சிதறுகிறது. வாங்கெலிஸ் அமைத்த இசை அவர்களது ஓட்டத்தை ஒரு வழிபாடு போல் ஆக்கிவிடுகிறது. கதையின்படி அது இங்கிலாந்தின் பிராட்ஸ்டேர்ஸ் கடற்கரை. படமாக்கப்பட்டதோ ஸ்காட்லாந்தில் உள்ள செயின்ட் ஆண்ட்ரூஸ் மணற்பரப்பில்.

அக்காட்சி ஓடுகையில் பின்வரிசையிலிருந்து ஓர் இளைஞன், "நமக்கு இப்படி ஒரு கரை இல்லையே" என்று பெருமூச்செறிந்தான். படத்தை நிறுத்தி அவனுக்கு விடை சொல்ல வேண்டும் என்று தோன்றியது, அடக்கிக்கொண்டேன். இங்கே சொல்கிறேன். அவன் ஓடுவதும் கடற்கரையில்தான். பெரம்பலூர் மாவட்டத்துக் காரை, கொளக்காநத்தம் பகுதியில், ஓடைகள் அரித்து அரித்துப் பள்ளமும் முகடுமாய்க் கிடக்கும் அந்த வறண்ட நிலம், ஏறத்தாழப் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் கடலின் அடித்தளமாக இருந்தது. இன்றைய கடல் அங்கிருந்து ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் கிழக்கே விலகி நிற்கிறது. ஆயினும் மழைக்குப் பின் சென்று பாருங்கள். சுருள் சங்கு போன்ற அம்மோனைட்டுகளும், எழுதுகோல் முனை போன்ற பெலம்னைட்டுகளும் மண்ணிலிருந்து தலைகாட்டும். ஜிப்சத் தகடுகள் காலை வெயிலில் கண்ணாடித் துண்டுகளாய் மின்னும். அருகில் சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்தில் கல்லாகிக் கிடக்கும் மரத்தை 1940-இல் நிலவியல் அறிஞர் எம். எஸ். கிருஷ்ணன் உலகுக்கு அறிவித்தார். அரியலூரின் சிமெண்டு ஆலைகளுக்கு உணவாகும் சுண்ணாம்புக்கல்லும் அப்பழங்கடலின் படிவே. வாரத்தில் ஆறு நாள் அந்தக் கடலடியை வெட்டி லாரியில் ஏற்றுகிறவர்கள், ஏழாம் நாள் அதன்மீதே ஓடுகின்றனர். செயின்ட் ஆண்ட்ரூஸின் மணல் பார்த்த மாத்திரத்தில் அழகு. நம் கரையின் அழகு, அங்கே இல்லாத கடலை அறிந்தவருக்கே தென்படும். ஒரு திரைப்படத்தையும் அவ்வாறே, அது காட்டாததையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது.

படம் இரு வீரர்களைப் பற்றியது. ஒருவர் ஹாரல்டு ஆபிரகாம்ஸ். யூதர் என்பதால் தம்மை ஒதுக்கும் சமூகத்தின் முன் தம்மை நிலைநாட்டிக்கொள்ள ஓடுகிறார். மற்றவர் எரிக் லிடெல். சீனாவில் பிறந்த ஸ்காட்லாந்து மறைபரப்பாளர் மகன், நம் பிற சபைச் சகோதரர். அவர் தமக்கு வேகத்தைக் கொடுத்த இறைவனின் மகிழ்ச்சிக்காக ஓடுகிறார். இருவரையும் ஒருவருக்கொருவர் பகையாக்காமல் இணையாக நடத்திச் செல்வது இயக்குநரின் பெருந்தன்மை. பந்தயத்தின் நடுவே கீழே விழுந்த லிடெல் எழுந்து ஓடி வெல்லும் காட்சியின்போது எம் இளைஞர்கள் எழுந்து நின்று கைதட்டினர். 1923-இல் உண்மையாகவே நிகழ்ந்த ஒன்றைத் தழுவியது அக்காட்சி.

1924 பாரிஸ் ஒலிம்பிக் போட்டியில் 100 மீட்டர் ஓட்டத்தின் தகுதிச் சுற்று ஞாயிறன்று வருகிறது. லிடெல் ஓட மறுக்கிறார். இச்செய்தியைப் படத்தில் அவர் பாரிசுக்குக் கப்பலேறும் வேளையில்தான் அறிகிறார். இளவரசரும் பிரபுக்களும் சூழ்ந்து நின்று வற்புறுத்துகின்றனர், அவர் அசையவில்லை. அப்போது லின்ட்சே என்னும் பிரபு உள்ளே வந்து, வேறொரு நாளில் நடைபெறும் 400 மீட்டர் ஓட்டத்தில் தம் இடத்தை லிடெலுக்கு விட்டுக்கொடுக்கிறார். சிக்கல் ஓர் இரவில் தீர்கிறது. லிடெல் ஓடுகிறார், வெல்கிறார்.

படம் முடிந்ததும் கலந்துரையாடலைத் தொடங்கினேன். எதிர்பார்த்த பாடத்தை யாரேனும் சொல்வர் என்று காத்திருந்தேன். சுரங்கத்தில் ஒப்பந்த வேலை செய்யும் இளைஞன் ஒருவன் தயங்கியவாறு எழுந்தான். "ஃபாதர், அவருக்கு இடத்தை விட்டுக்கொடுக்க ஒரு பிரபு இருந்தாரு. எங்களுக்கு யாரு இருக்காங்க?"

அவன் நிலைமை பிறகே எனக்குத் தெரிந்தது. வார நாள்களில் விடியுமுன் வேலைக்குப் போகிறவன் இருட்டிய பின்னரே வீடு திரும்புகிறான். காவலர் தேர்வுக்கு 1500 மீட்டரை 7 நிமிடத்திற்குள் ஓடியாக வேண்டும். ஓய்வுபெற்ற காவலர் ஒருவர் காசு வாங்காமல் பயிற்சி தருகிறார். அதுவும் ஞாயிறு காலை மட்டுமே. எங்கள் திருப்பலியோ 6.30 மணிக்கு. இதை நான் ஒருமுறையேனும் கேட்டறிந்திருக்கலாம். கேட்கவில்லை; கண்டித்தேன்.

அவனுக்கு விடை தேடி லிடெலின் வரலாற்றைப் படித்தேன். அப்போதுதான் படத்தின் குறை புலப்பட்டது. லின்ட்சே பிரபு கற்பனைப் பாத்திரம். ஓட்ட அட்டவணையை லிடெல் பல மாதங்களுக்கு முன்பே அறிந்திருந்தார். 100 மீட்டரைக் கைவிட்டு, தமக்குப் பழக்கம் குறைந்த 400 மீட்டருக்காகத் தாமே மாதக்கணக்கில் பயிற்சி செய்தார். 1924 ஜூலை 11-ஆம் நாள் 47.6 நொடிகளில் ஓடிப் புதிய உலகச் சாதனையோடு வென்றார். மாதக்கணக்கான அமைதியான உழைப்பைப் படம் ஓர் இரவின் நாடகமாகச் சுருக்கிவிட்டது. நாடகத்திற்கு அது தேவையாயிருக்கலாம். ஆனால் அதன் விளைவைப் பாருங்கள்: பற்றுறுதி என்பது ஒருவர் "மாட்டேன்" என்று சொல்வது, மீதியை யாரோ ஒரு பிரபு பார்த்துக்கொள்வார் என்னும் எண்ணம் பார்ப்பவர் மனத்தில் பதிகிறது. எம் இளைஞனின் கேள்வி அந்தக் கற்பனைப் பிரபுவிடமிருந்து பிறந்ததே.

இதனினும் பெரிய குறை படத்தின் முடிவில் உள்ளது. வெற்றிக்குப் பின் லிடெல் மறைபரப்பாளராகிச் சீனாவில் இறந்தார் என்பதை ஓரிரு வரி எழுத்தில் சொல்லிவிட்டு, படம் மீண்டும் அந்தக் கடற்கரைக்கே திரும்பி நிறைவுறுகிறது. 1925-இல் லிடெல் சீனா சென்றார். போர் மேகம் சூழ்ந்தபோது, 1941-இல், மனைவி மக்களைக் கனடாவுக்கு அனுப்பிவிட்டுத் தாம் அங்கேயே தங்கினார். 1943-இல் ஜப்பானியர் அவரை வெய்சியன் தடுப்பு முகாமில் அடைத்தனர். அங்கு பெற்றோரைப் பிரிந்த பள்ளிப் பிள்ளைகள் பலர் இருந்தனர். அவர்களுக்குப் பாடம் கற்பித்தார், விளையாட்டுகளை நடத்தினார். தம் கொள்கைப்படி ஞாயிறு விளையாட்டுக்கு நடுவராக இருக்க முதலில் மறுத்தார். மேற்பார்வையின்றி ஆடிய பிள்ளைகள் சண்டையிட்டுக்கொண்டதைக் கண்ட பிறகு, ஞாயிறன்றும் களத்தில் இறங்கி நடுவராக நின்றார். 1945 பிப்ரவரி 21-ஆம் நாள், மூளையில் ஏற்பட்ட கட்டியால், 43 வயதில் அம்முகாமிலேயே இறந்தார். சில மாதங்களில் போர் முடிந்தது.

தம் பெருமைக்காக ஒரு ஞாயிறும் ஓடாதவர், பிறர் பிள்ளைகளின் நன்மைக்காக ஞாயிறன்று களத்தில் நின்றார். முன்னதைத் துறக்கத் துணிவு போதும். பின்னதற்கு அன்பு வேண்டும். ஓய்வுநாள் மனிதருக்காகவே உண்டானது என்று ஆண்டவர் கூறியதன் பொருளை (மாற் 2:27) லிடெல் வெய்சியன் முகாமில் வாழ்ந்து காட்டினார். இந்த இரண்டாம் ஞாயிறு இன்றி முதல் ஞாயிற்றை மட்டும் காட்டுவதால், படம் ஒரு புனித வாழ்வின் பாதியையே தருகிறது. எனக்கு அந்தப் பாதி மிகவும் வசதியாக இருந்தது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

திருத்தூதர் பவுலின் ஓட்டப் பந்தய உவமை (1 கொரி 9:24-27) நம் இளைஞர் கூட்டங்களில் அடிக்கடி வாசிக்கப்படுகிறது. இரு கடல்களுக்கு இடைப்பட்ட நிலத்தில் அமைந்தது கொரிந்து. அதனருகே இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை இஸ்மியா விளையாட்டுகள் நடந்தன; வென்றவர்க்கு இலைகளால் ஆன வாடும் மாலையே பரிசு. ஆகவே கடலோர ஓட்டம் கொரிந்தியர்க்குப் புதிதன்று. ஆனால் அவ்வுவமைக்கு முன்னுள்ள பகுதியை நாம் வாசிப்பது அரிது. அங்கே பவுல், தமக்குரிய உரிமைகளை விட்டுக்கொடுத்து, வலுவற்றவர்க்காக வலுவற்றவராகவும் எல்லாருக்கும் எல்லாமாகவும் ஆனதைச் சொல்கிறார். அதன் தொடர்ச்சியாகத்தான் ஓட்டம் வருகிறது. அவர் கூறும் தன்னடக்கம் பிறர் பொருட்டுத் தன்னை வளைத்துக்கொள்ளும் பயிற்சியாகும்.

இதனால் ஞாயிறு திருப்பலி கட்டாயமில்லை என்று நான் சொல்வதாக எவரும் கொள்ள வேண்டாம். புனித இரண்டாம் யோவான் பவுல் 1998-இல் வெளியிட்ட 'ஆண்டவரின் நாள்' எனும் திருத்தூது மடல், ஞாயிறு திருப்பலியைக் கிறிஸ்தவ வாழ்வின் இதயமாகவே காட்டுகிறது. அதே மடல் அந்நாளை அன்புப் பணியின் நாளாகவும் காட்டுகிறது. அதைப் படித்த நான், திருப்பலி வேண்டுமா ஓட்டம் வேண்டுமா என்று இளைஞர்களைக் கேட்டுக்கொண்டிருந்தேன். யாருக்காக எந்த நேரத்தில் மணி அடிக்கிறேன் என்று என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

எனவே, அன்பு வாசகர்களே, இப்படத்தை உங்கள் பங்குகளிலும் திரையிடுங்கள். அதன் ஒளிப்பதிவும் இசையும் நடிப்பும் காலத்தால் மங்கவில்லை. நம்பிக்கையுள்ள ஒரு மனிதனைக் கேலிப்பொருளாக்காமல் மதிப்போடு காட்டும் திரைப்படங்கள் மிகச் சிலவே. ஆனால் திரை இருண்டதும் கலைந்து போகாமல், வெய்சியன் முகாமின் கதையை யாரேனும் எழுந்து சொல்லட்டும்.

எம் பங்கில் இப்போது ஞாயிறு மாலை 6 மணிக்கும் திருப்பலி உண்டு. முதல் வாரம் எழுவர் வந்தனர். சென்ற மாதம் ஒரு ஞாயிறு, காலைத் திருப்பலியை முடித்துவிட்டு நானும் ஓடைக்கரை மேட்டுக்குச் சென்றேன். நேரம் குறிக்க ஆள் இல்லை என்று கைப்பேசியை என் கையில் கொடுத்தனர். கேள்வி கேட்ட இளைஞன் 7 நிமிடங்களுக்கு மேல் 11 நொடிகள் எடுத்துக்கொண்டான். மூச்சு வாங்கியபடி எண்ணைப் பார்த்தான். "அடுத்த வாரமும் வருவீங்களா, ஃபாதர்?" என்று கேட்டான்.

வருகிறேன் என்றேன்.